அது ஏன் கீழே விழவில்லை?

(குடியரசு தினத்தன்று மாலை நம் சமூகக் கூடத்தில் பேசியதை, செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேசும்போது நேரமில்லாமல் விட்டுப்போன இரண்டொரு விஷயங்களையும் இதில் சேர்த்திருக்கிறேன்.)



நான் பி.காம். படித்தவன். 37 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். செயற்கைக்கோளைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். தகுதி ஒன்றும் இல்லை. ஒரு தப்பு செய்தேன். அதனால்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் நேரம். சாயங்காலம் நாலு மணி வாக்கில் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு சேட்டிலைட் படம் வந்தது. கடலில் வெள்ளையாக ஒரு பெரிய சுழல், கரைக்குத் தள்ளி. அதை நம் குரூப்பில் போட்டு, "புயல் ஆந்திராவுக்குப் போகிறது, நமக்குக் கவலையில்லை" என்று கீழே எழுதினேன். கீழ்த்தளத்தில் இருந்த காரை மேட்டுத் தெருவுக்குக் கொண்டுபோக சாவியோடு இறங்கியவர்கள் இரண்டு மூன்று பேர், என் செய்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பி லிஃப்ட் ஏறினார்கள். மறுநாள் நடந்தது உங்களுக்கே தெரியும். ஒன்பது கார் தண்ணீரில். மின்சாரம் போய், ஏ பிளாக் தரைத்தளத்தில் ஆக்சிஜன் கருவியோடு இருந்த நம் பெரியவரை நாற்காலியில் வைத்து நாலு பேர் இரண்டாவது மாடிக்குத் தூக்கினோம். அவர் இன்று முதல் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

புயல் ஆந்திராவுக்குத்தான் போனது. 5-ஆம் தேதி பாபட்லா அருகே கரையைக் கடந்தது. நான் எழுதியது ஒரு விதத்தில் சரி. அப்புறம் எப்படி இங்கே மூழ்கியது? அந்தப் படம் என்ன காட்டியது, என்ன காட்டவில்லை? இதைத் தெரிந்துகொள்ளப் போய்த்தான் செயற்கைக்கோள் பக்கம் வந்து சேர்ந்தேன்.

யோசித்துப் பார்த்தால் அதோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. 1983-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது தினமும் கட்டுக்கட்டாக 2 ரூபாய் நோட்டு எண்ணியிருக்கிறேன். அதன் பின்பக்கம் என்ன படம், ஞாபகம் இருக்கிறதா? ஆரியபட்டா. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள். 1975 ஏப்ரல் 19 அன்று ரஷ்ய ராக்கெட்டில் போனது, 360 கிலோ. சில நாட்களிலேயே மின்சாரக் கோளாறு வந்து அதன் ஆய்வுக் கருவிகள் நின்றுவிட்டன. ஆனாலும் அது நம்முடையது என்று நோட்டில் போட்டோம். பிறகு என் சர்வீஸின் கடைசி வருடங்களில் 2000 ரூபாய் நோட்டு வந்தது. அதன் பின்பக்கம் மங்கள்யான். 2 ரூபாயில் தொடங்கி 2000 ரூபாயில் முடித்தவன் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன். இரண்டு நோட்டும் இப்போது புழக்கத்தில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வானம் தெளிவாக இருந்தால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் போவது நம் மொட்டை மாடியிலிருந்து தெரிகிறது. போன தடவை பார்த்துக்கொண்டிருந்தபோது பி பிளாக் சின்னப் பையன் கேட்டான்: "தாத்தா, மேலே போனது எல்லாம் கீழே வரணும் இல்லையா, அது ஏன் கீழே விழவில்லை?" உங்களைக் கேட்டால் பாதிப் பேர், மேலே ஈர்ப்பு விசை இல்லை, அதனால் மிதக்கிறது என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தப்பு. விண்வெளி நிலையம் இருக்கும் 400 கி.மீ. உயரத்தில், தரையில் உள்ள ஈர்ப்பில் சுமார் 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. அங்கே யாராவது ஒரு ஏணி போட்டு நிற்க முடிந்தால், 60 கிலோ ஆள் அங்கேயும் 53 கிலோ இருப்பார்.

உண்மை என்னவென்றால், அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. தரையைத் தொடுவதில்லை, அவ்வளவுதான்.

இதை நியூட்டன் முந்நூறு வருடத்துக்கு முன்பே விளக்கிவிட்டார். ஒரு உயரமான மலை மேலிருந்து பீரங்கியால் குண்டைச் சுடுகிறோம் என்று வையுங்கள். நாம் மொட்டை மாடியிலிருந்தே பார்ப்போம். ஒரு பந்தைக் கையிலிருந்து சும்மா விட்டால் நேராகக் கீழே விழும். முன்பக்கமாக எறிந்தால் காம்பவுண்டுக்கு வெளியே போய் விழும். இன்னும் வேகமாக எறிந்தால் இன்னும் தூரம். எப்படி எறிந்தாலும் முதல் ஒரு நொடியில் அது சுமார் 5 மீட்டர் கீழே இறங்கும். இது மாறாது. இப்போது பூமியைப் பாருங்கள். அது உருண்டை. ஒரு இடத்திலிருந்து நேராக 8 கி.மீ. தள்ளிப் போனால், தரை நம் காலடியை விட்டு 5 மீட்டர் கீழே வளைந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நொடியில் 8 கி.மீ. போகிற வேகத்தில் பந்தை எறிந்தால், அது 5 மீட்டர் விழும், தரையும் 5 மீட்டர் இறங்கியிருக்கும். தரைக்கும் பந்துக்கும் உள்ள இடைவெளி அப்படியே. அடுத்த நொடியும் அதே கதை. விழுந்துகொண்டே பூமியைச் சுற்றி வந்துவிடும்.

பற்றும் வரவும் ஒன்றுக்கொன்று டாலி ஆவது மாதிரி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அன்றைக்குத்தான் எனக்கு இது பிடிபட்டது.

நொடிக்கு 8 கி.மீ. என்றால் என்ன வேகம்? சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒன்றரை நிமிடம். இந்த வேகத்தில் காற்றுக்குள் போனால் எரிந்து சாம்பலாகிவிடும். அதனால்தான் காற்று இல்லாத உயரத்துக்குத் தூக்க வேண்டியிருக்கிறது. மேலே தூக்குவது ராக்கெட்டின் பாதி வேலைகூட இல்லை. பக்கவாட்டில் அந்த வேகத்தைக் கொடுப்பதுதான் பெரிய வேலை. நம் மாடியிலிருந்து பார்த்தால் ராக்கெட் கொஞ்ச நேரத்தில் வளைந்து கடல் பக்கம் சாய்வது தெரியும். தப்பாகப் போகிறதோ என்று பயப்படாதீர்கள், அங்கேதான் அதற்கு வேலை.

ஏன் கடற்கரையில், அதுவும் கிழக்குக் கடற்கரையில் ஏவுதளம் வைத்தார்கள்? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஸ்ரீஹரிகோட்டா அந்தச் சுழற்சியில் ஏற்கனவே மணிக்கு சுமார் 1,600 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து, அது ஓடும் திசையிலேயே கல்லை எறிவது போல, அந்த வேகம் ராக்கெட்டுக்கு இலவசம். ஆனால் துருவங்களுக்கு மேலே வடக்கு தெற்காகச் சுற்றும் செயற்கைக்கோள்களை அனுப்பும்போது ஒரு சிக்கல். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் வழியில் இலங்கை. எரிந்து தீர்ந்த ராக்கெட் பகுதிகள் அங்கே விழக்கூடாது. அதனால் முதலில் தென்கிழக்காகப் போய், இலங்கையைத் தாண்டிய பிறகு தெற்கே திரும்ப வேண்டும். இந்தச் சுற்று வழியில் எரிபொருள் வீண், அதனால் கொண்டுபோகும் எடையும் குறையும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்களே, அதற்குக் காரணம் இதுதான். அங்கிருந்து நேர் தெற்கே கடல்தான்.

அடுத்து உயரம். இதுதான் எல்லாவற்றுக்கும் சாவி. பூமிக்கு அருகில் இருந்தால் வேகமாகச் சுற்ற வேண்டும், தூரத்தில் இருந்தால் மெதுவாகச் சுற்றினால் போதும். 400 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். 1957 அக்டோபர் 4 அன்று ரஷ்யா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக், கால்பந்தைப் போல இரண்டரை மடங்கு அகலமுள்ள ஒரு உருண்டை, 96 நிமிடத்தில் ஒரு சுற்று வந்தது. ஜிபிஎஸ் கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் 12 மணி நேரத்தில் சுற்றுகின்றன. இன்னும் மேலே போய், சுமார் 36,000 கி.மீ. உயரத்துக்கு வந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆகிறது. பூமியும் ஒரு நாளில்தான் தன்னைச் சுற்றுகிறது. ஆக, பூமத்திய ரேகைக்கு நேர் மேலே அந்த உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால், கீழேயிருந்து பார்ப்பவர்களுக்கு அது வானத்தில் ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். உண்மையில் அது நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது!

இப்படி மூன்று கோள்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-லேயே ஒரு ரேடியோ பத்திரிகையில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அப்போது ஸ்புட்னிக்கூட இல்லை. பிற்காலத்தில் நம் பக்கத்து வீடான இலங்கைக்கு வந்து, கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார்.

நம் மொட்டை மாடிக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். வடாம் காயப் போடுபவர்களுக்கு இடைஞ்சலாக எத்தனை டிஷ் என்று ஆண்டுக் கூட்டத்தில் சண்டை போட்டோமே, அந்த டிஷ்கள் எல்லாம் தெற்கும் தென்கிழக்குமாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றுகூட வடக்கே பார்க்காது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறோம், கோள்கள் ரேகைக்கு மேலே இருக்கின்றன, அதனால். ஒவ்வொரு கம்பெனியின் கோளும் வெவ்வேறு இடத்தில் நிற்பதால் டிஷ்கள் கொஞ்சம் கொஞ்சம் திரும்பியிருக்கும். சி பிளாக் தண்ணீர்த் தொட்டியைத் தெற்குப் பக்கம் கட்டிய பிறகு சில வீடுகளில் டிவி போனதே, அது யாருடைய சதியும் இல்லை. தொட்டி வழியில் நிற்கிறது.

இப்போது என் தொழில் பாஷைக்கு வருகிறேன். ஒரு செயற்கைக்கோளுக்கு இரண்டு வித வருமானம். மின்சாரம் மாதச் சம்பளம் மாதிரி. சோலார் பேனல் வழியாக சூரியன் தந்துகொண்டே இருக்கும். வருடத்தில் இரண்டு பருவம், பூமியின் நிழலுக்குள் போகிற நேரத்தில் மட்டும் பேட்டரியில் ஓடும். எரிபொருள் அப்படியல்ல. கிளம்பும்போது கொண்டுபோன டெபாசிட் மட்டும்தான். வட்டி கிடையாது, புதிதாகப் போடவும் முடியாது, எடுக்க மட்டுமே முடியும். காற்று இல்லாத இடத்தில் எரிபொருள் எதற்கு? சந்திரனும் சூரியனும் அதைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன. பூமியும் சரியான உருண்டை இல்லை. கோள் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அதை ஏறத்தாழ 150 கி.மீ. அகலமுள்ள ஒரு பெட்டிக்குள் பிடித்து வைக்க, அவ்வப்போது சின்ன எஞ்சினைத் தட்டிவிட வேண்டும். டெபாசிட் தீர்ந்தால், கருவியெல்லாம் நன்றாக வேலை செய்தாலும் அந்தக் கோள் ஓய்வு பெற வேண்டியதுதான்.

1982-இல் நமக்கு இது நேர்ந்தது. இன்சாட்-1ஏ என்று ஒரு கோள். அமெரிக்காவில் செய்தது, ஏப்ரலில் மேலே போனது, ஏழு வருடத்துக்கு என்று திட்டம். தொடக்கத்திலிருந்தே சில பாகங்கள் சரியாக விரியவில்லை. செப்டம்பரில் திசை தடுமாறி, அதைச் சமாளிப்பதிலேயே எரிபொருள் முழுவதும் தீர்ந்தது. ஏழு வருடக் கணக்கு ஐந்து மாதத்தில் முடிந்தது. அடுத்த வருடம் சேலஞ்சர் விண்கலத்தில் போன இன்சாட்-1பி தன் ஆயுளை முழுசாக வாழ்ந்தது. நம் ஊர்களில் டிவி பரவியதும், செய்தியின் கடைசியில் மேகப் படம் காட்டியதும் அதன் புண்ணியம்தான்.

நல்ல நிர்வாகி டெபாசிட்டைக் கடைசிச் சல்லி வரை செலவழிக்க மாட்டான். கொஞ்சம் மிச்சம் வைத்து, ஓய்வு பெறும் கோளை இன்னும் சில நூறு கி.மீ. மேலே தள்ளி, ஓரமாக விட்டுவிடுவார்கள். மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல். தாழ்வாகச் சுற்றுகிற கோள் என்றால் கீழே இறக்கிக் கடலில் விழச் செய்யலாம். 2023 மார்ச் 7 அன்று இஸ்ரோ, மேகா-டிராபிக்ஸ் என்ற சுமார் 1,000 கிலோ கோளை, மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டே பசிபிக் கடலுக்கு மேலே இறக்கி எரித்தது. பழைய சோபாவை மாடிப்படியில் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இதை நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வங்கியில் எனக்கு நேர்ந்த ஒரு அனுபவத்தைச் சொல்லாமல் விட முடியாது. கடைசி பத்துப் பதினைந்து வருடம் எங்கள் கிளை மாடியில் ஒரு டிஷ் இருந்தது. விசாட் என்போம். கிளையின் கணக்கு எல்லாம் அந்த டிஷ் வழியாக 36,000 கி.மீ. மேலே போய், திரும்ப 36,000 கி.மீ. கீழே இறங்கி, தலைமைக் கம்ப்யூட்டருக்குப் போகும். பதிலும் அதே வழியாக வர வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் போய்வர ஏறத்தாழ அரை நொடி. ஒரு பாஸ்புக் என்ட்ரிக்குள் இப்படிப் பல தடவை போய்வர வேண்டியிருக்கும். "என்ன சார், கம்ப்யூட்டர் வந்தும் இவ்வளவு நேரமா" என்று வாடிக்கையாளர் கேட்பார். அவர் கணக்கு ஒன்றரை லட்சம் கி.மீ. நடந்துவிட்டு வந்திருக்கிறது என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கனமழை வந்தால் லிங்க் போய்விடும். அது புரிந்தது. புரியாத ஒன்று இருந்தது. ஒரு மார்ச் மாதம், பளிச்சென்று வெயில். நண்பகலை ஒட்டி லிங்க் போய், சில நிமிடத்தில் தானே வந்தது. மறுநாளும் அதே நேரம். மூன்றாம் நாளும். மேனேஜர், பக்கத்து ஹோட்டலில் யாரோ மிக்ஸி போடுகிறார்கள் என்று ஆளனுப்பினார். நான் வழக்கம்போல ஒரு பழைய ரிஜிஸ்டரில் தேதியும் நேரமும் எழுதி வைத்தேன். பழுது பார்க்க வந்த இளைஞர் அதைப் பார்த்த உடனே சொன்னார்: "சூரியன் சார்." வருடத்தில் இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும், சூரியன் அந்தக் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். டிஷ் கோளைப் பார்க்கிறது, ஆகவே சூரியனையும் பார்க்கிறது. சூரியனிடமிருந்து வரும் ரேடியோ இரைச்சலில் கோளின் மெல்லிய குரல் அமுங்கிவிடுகிறது. சில நாட்களுக்கு, நாளுக்குச் சில நிமிடம். டிஷ் வைத்திருப்பவர்களே, வருகிற மார்ச்சில் கவனியுங்கள். ஹோட்டல்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

ஜிபிஎஸ் பற்றி ஒரே ஒரு தப்பெண்ணத்தை மட்டும் திருத்துகிறேன். மேலேயிருந்து செயற்கைக்கோள் நம் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு நம்மைத் தெரியாது. அந்தக் கோள்கள் செய்வது, "நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது" என்று சொல்லிக்கொண்டே இருப்பது. கோவில் மணி அடிப்பது மாதிரி, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். உங்கள் போன் குறைந்தது நாலு கோள்களின் குரலைக் கேட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்து, தானே கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அதை வெளியே சொல்வது போனும் அதில் உள்ள ஆப்களும்தான். ஆக, யார் கண்காணிக்கிறார்கள் என்ற கவலை இருந்தால் வானத்தைப் பார்க்க வேண்டாம், போனின் செட்டிங்கைப் பாருங்கள்.

இதில் எல்லாமே கடிகாரம்தான். ஐன்ஸ்டீன் சொன்னபடி அந்த உயரத்தில், அந்த வேகத்தில், கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடும். இதைச் சரி செய்யாமல் விட்டால் ஒரே நாளில் இடம் 10 கி.மீ.க்கு மேல் தப்பாகிவிடும். நம் நாட்டின் நாவிக் கோள்களுக்கும் கடிகாரம்தான் தலைவலி. முதலில் போன கோளில் வெளிநாட்டிலிருந்து வாங்கி வைத்த மூன்று அணுக்கடிகாரமும் நின்றுவிட்டன. மாற்றுக் கோள் அனுப்ப வேண்டியதாயிற்று. 2023 மே மாதம் போன புதிய கோளில் நாமே செய்த அணுக்கடிகாரம் போனது. உணவு கொண்டுவரும் பையன் பின்கேட்டில் நின்றுகொண்டு "மேப் இங்கேதான் சார் காட்டுது" என்கிறானே, அது ஐன்ஸ்டீன் பிரச்சினை இல்லை. சிக்னல் நம் கட்டடங்களில் பட்டுத் திரும்பி வருவதால் வரும் குழப்பம், அல்லது மேப்பில் புள்ளியைத் தப்பாக வைத்த நம் குழப்பம்.

இனி வானிலைக் கோள். என் பாவக் கணக்கு இதில்தான்.

இன்சாட்-3டிஆர் என்று ஒன்று 2016-இல் போனது, இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரியில் போனது. இவை 36,000 கி.மீ. உயரத்தில் நின்று இந்தியாவையும் சுற்றியுள்ள கடலையும் அரை மணிக்கு ஒரு தடவை படம் எடுக்கின்றன. பகலில் சாதாரணக் கேமரா மாதிரி எடுக்கலாம். ராத்திரியில் வெளிச்சம் இல்லை. அதற்காக அகச்சிவப்பு என்ற முறையில் வெப்பத்தை அளந்து படமாக்குகிறார்கள். நாம் ராத்திரி டிவியில் பார்ப்பது அதுதான். அந்தப் படத்தில் வெள்ளை என்றால் மழை என்று அர்த்தம் இல்லை. குளிர்ச்சி என்று அர்த்தம். உயரமான மேகத்தின் உச்சி குளிர்ந்திருக்கும், அதனால் வெள்ளையாகத் தெரியும். மேலேயிருந்து பார்க்கிற கோளுக்கு மேகத்தின் தலைதான் தெரியும். வயிற்றில் எவ்வளவு தண்ணீர், அது எந்தத் தெருவில் கொட்டுகிறது என்பது தெரியாது. அதற்குத் தரையிலிருந்து பார்க்கிற டாப்ளர் ராடார் வேண்டும், சென்னைத் துறைமுகத்தில் இருக்கிறதே, அது. இன்னொன்று, அந்த அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 4 கி.மீ. நம் குடியிருப்பு, பக்கத்து ஏரி, ஸ்டேஷன், மார்க்கெட் எல்லாம் சேர்ந்து ஒரே புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் நான் நம் கார்களுக்கு உத்தரவாதம் கொடுத்தேன்.

நான் போட்ட படத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். மேலே தேதியும் நேரமும் இருக்கும் பட்டையை யாரோ வெட்டிவிட்டிருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் பழசு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தேதியில்லாத செக்கை என் 37 வருடத்தில் ஒரு நாளும் பாஸ் செய்ததில்லை. இதை மட்டும் பார்க்காமல் பாஸ் செய்துவிட்டேன். புயல் அன்று இரவு கரைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்தது. மையம் கடலில், மழை மேகம் நம் தலைக்கு மேல். கரையை எங்கே கடக்கும் என்பதை மட்டும் பார்த்தவன், எவ்வளவு நேரம் பக்கத்தில் நிற்கும் என்று கேட்கவில்லை. அதே செயற்கைக்கோளின் படத்தை ராடாரோடும், கடலில் உள்ள மிதவைகளோடும், கம்ப்யூட்டர் கணக்குகளோடும் சேர்த்துப் பார்த்துத்தான் வானிலைத் துறை நம் மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை விட்டிருந்தது. அது என் போனிலேயே இருந்தது. படம் அழகாக இருந்ததால் அறிக்கையைப் படிக்கவில்லை.

இப்படிச் சொல்வதால் செயற்கைக்கோளைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது, ரயிலோடு மனிதர்கள் கடலில் போனார்கள். அப்போது நமக்கென்று மேலே ஒரு கண் இல்லை. கண் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1999 ஒடிசா பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். மேலே கோள் இருந்தது, கீழே ஆட்களை அழைத்துப்போக இடமும் ஏற்பாடும் போதவில்லை. அதே ஒடிசா கரைக்கு 2013 அக்டோபரில் ஃபைலின் புயல் வந்தது. நாலைந்து நாள் முன்பே பாதை தெரிந்தது, சுமார் 10 லட்சம் பேரை வெளியேற்றினார்கள், இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. பிறகு 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி. கன்னியாகுமரி மீனவர்கள் பலர் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். அங்கே போன் டவர் எட்டாது. கரையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி, தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் நாவிக் கோள்கள் வழியாகவே நடுக்கடலில் இருக்கும் படகுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் கருவியை இஸ்ரோ உருவாக்கியது.

நம் குடியிருப்பில் இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். மழைக்காலத்தில் குரூப்பில் வானிலைப் படம் போடுபவர், அதில் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி போட வேண்டும், கூடவே வானிலைத் துறையின் மாவட்ட எச்சரிக்கையையும் போட வேண்டும். ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் கீழ்த்தளத்துக் கார்கள் மேலே வந்துவிட வேண்டும், தரைத்தளத்தில் உடல்நலம் இல்லாதவர்கள் யாரென்ற பட்டியல் வாட்ச்மேனிடம் இருக்க வேண்டும். போன மழைக்காலத்தில் இரண்டு தடவை காரை ஏற்றினோம், இரண்டு தடவையும் பெரிதாக மழை இல்லை. என்னைப் பார்த்துச் சிலர் முணுமுணுத்தார்கள். இந்த முணுமுணுப்பு எனக்குச் சந்தோஷம்தான்.

பேச்சு முடிந்ததும் அந்த பி பிளாக் பையன் மறுபடி எழுந்தான். "தாத்தா, விழுந்துகொண்டே இருந்தால் அதற்குத் தலை சுற்றாதா?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது நல்ல கேள்வி. கோள் தாறுமாறாகப் புரண்டால் டிஷ்ஷும் கேமராவும் எங்கேயோ பார்க்கும். அதனால் உள்ளே மின்சாரத்தில் சுழலும் சக்கரங்கள் வைத்திருக்கிறார்கள். சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றினால் கோள் மறுபக்கம் மெல்லத் திரும்பும். எரிபொருள் செலவில்லை. எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்ள அது நட்சத்திரங்களைப் பார்க்கிறது. நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் தோணியில் போனபோது செய்ததுதான்.

விண்வெளி நிலையம் நம் ஊருக்கு மேலே போகும் நாட்களில், சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில், வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரியும். விட்டு விட்டு மின்னினால் அது விமானம். மின்னாமல் ஒரே சீராக, நாலைந்து நிமிடத்தில் வானத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனால் அதுதான். நல்ல நாள் வரும்போது தேதியும் நேரமும் நோட்டீஸ் போர்டில் போடுகிறேன். மொட்டை மாடிச் சாவி என்னிடம் இருக்கிறது. லிஃப்ட் அன்றைக்கும் பழுதாக இருந்தால், பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பிப் படியேறி வாருங்கள்.